பேசத் தெரியும், எழுதத் தெரியாது!

ஒரு மக்களின் மொழியை ஒடுக்குவதற்குப் பீரங்கி வேண்டுமா? பட்டாளம் வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு சட்டம் போதும். ஒரு பள்ளிக்கூடம் போதும். கரும்பலகைக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கும் ஒரு ஏழு வயதுக் குழந்தை போதும்.

நாம் கதை சொல்லவில்லை. ஜனநாயகத்தின் தாயகம் என்று தன்னைத் தானே பாராட்டிக் கொள்ளும் அமெரிக்க நாட்டில் நடந்த வரலாற்றைத்தான் சொல்கிறோம். பட்டாளத்தால் சாய்க்க முடியாத ஒரு மக்கள் கூட்டத்தைப் பள்ளிக்கூடம் எப்படிச் சாய்த்தது என்பதைத் தொழிலாளத் தோழர்கள் அறிய வேண்டும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் என்றொரு மாநிலம். அதன் உச்சியில் அரூஸ்டூக் கவுண்டி. நாம் மாவட்டம் என்று சொல்வதைத்தான் அங்கே கவுண்டி என்கிறார்கள். கனெக்டிகட், ரோட் ஐலண்ட் என்ற இரண்டு மாநிலங்களின் நிலப்பரப்பைச் சேர்த்தாலும் இந்த ஒரு கவுண்டிக்கு ஈடாகாது. ஆனால், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 67,000 தான். காடு, உருளைக்கிழங்கு வயல், நீண்ட பனிக்காலம் - இவைதான் அந்தச் சீமை. தெற்கே ஆங்கிலம் பேசுவோர். இடையில் 1870ல் வந்து குடியேறிய ஸ்வீடன் நாட்டார். வடக்கே செயின்ட் ஜான் ஆறு ஓடுகிறது. ஆற்றின் தென்கரையில் மடவாஸ்கா, ஃபோர்ட் கென்ட், வான் பியூரன் முதலிய ஊர்கள். அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு வழி வந்தவர்கள். வடகரை கனடா நாடு. அங்கே இருப்பவர்களும் அதே மக்கள், அதே குடும்பப் பெயர்கள், அதே மாதா கோயில் வழிபாடு, அதே மொழி. நடுவில் ஓடும் ஆறுதான் இரண்டு நாடுகளின் எல்லை!

எப்படி வந்தது இந்த எல்லை? யார் இந்த மக்கள்?

முதல் விரட்டல்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து வந்து, இன்று நோவா ஸ்கோஷியா எனப்படும் கடற்கரையில் குடியேறியவர்கள் இவர்களுடைய முன்னோர். அந்த நாட்டுக்கு அக்கேடியா என்று பெயர். மக்களுக்கு அக்கேடியர் என்று பெயர். அவர்கள் கொள்ளையடிக்க வந்த கூட்டமல்ல; உழைக்க வந்த கூட்டம். கடல் நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலத்தில் கரை கட்டினார்கள். உள்ளேயிருக்கும் மழை நீர் வெளியேறவும், வெளியேயிருக்கும் உப்பு நீர் உள்ளே புகாமலிருக்கவும் ஒருவழி மதகு அமைத்தார்கள். உப்பு மண் சில ஆண்டுகளில் கோதுமை விளையும் மண்ணாயிற்று.

1713ல் ஐரோப்பாவில் மன்னர்கள் கூடி ஒப்பந்தம் எழுதினார்கள். அக்கேடியா பிரிட்டனுக்குப் போயிற்று. நிலத்தில் நின்று உழைத்தவனை யாரும் கேட்கவில்லை. "எங்கள் மன்னருக்கு நிபந்தனையின்றி விசுவாசப் பிரமாணம் செய்" என்றது பிரிட்டிஷ் ஆட்சி. "அமைதியாக வாழ்கிறோம், ஆனால் பிரெஞ்சுக்காரனுக்கு எதிராகவோ, எங்கள் அண்டைக் குடிகளான மிக்மா பழங்குடியினருக்கு எதிராகவோ ஆயுதம் எடுக்கமாட்டோம்" என்றார்கள் அக்கேடியர். இதுதான் அவர்கள் செய்த குற்றம்!

1755ல் கவர்னர் சார்லஸ் லாரன்சின் ஆட்சி அவர்களை நாடு கடத்தத் தீர்மானித்தது. செப்டம்பர் 5ந் தேதி, கிராண்ட் பிரே என்ற ஊரில், ஆண்களையும் சிறுவர்களையும் மாதா கோயிலுக்கு வரச் சொன்னான் தளபதி ஜான் வின்ஸ்லோ. நானூறு பேருக்கு மேல் வந்தார்கள். கதவு அடைக்கப்பட்டது. நிலம், வீடு, கால்நடை எல்லாம் அரசருக்குச் சொந்தம், நீங்கள் கப்பலேற வேண்டும் என்று உத்தரவு படிக்கப்பட்டது. வீடுகள் கொளுத்தப்பட்டன. 1763 வரை தொடர்ந்த இந்தக் கொடுமையில் ஆயிரமாயிரம் பேர் கப்பல்களில் ஏற்றப்பட்டு, திசைக்கொரு துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டனர். நோயில் மடிந்தோர் பலர். கடலில் மூழ்கியோர் பலர்.

இரண்டாம் விரட்டல்

தப்பியவர்களில் சிலர் செயின்ட் ஜான் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு ஓடி, மறுபடியும் காடு வெட்டிக் கழனி கண்டார்கள். விட்டார்களா? அமெரிக்க சுதந்திரப் போரில் தோற்ற பிரிட்டிஷ் விசுவாசிகள் 1783ல் கூட்டங்கூட்டமாக வடக்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு நிலம் வேண்டும். யாருடைய நிலம்? அக்கேடியன் திருத்திய நிலம்! பட்டா இல்லாதவன் உழைத்தான். பட்டாவோடு வந்தவன் பறித்தான்.

1785ல் சில குடும்பங்கள் படகிலேறி ஆற்றில் மேலே மேலே சென்றன. பெரிய அருவியையும் கடந்து மடவாஸ்காவில் இறங்கின. கியூபெக் பகுதியிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடும்பங்களும் அவர்களோடு கலந்தன. அந்த நிலமும் ஆளில்லாத நிலமல்ல என்பதை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். வொலஸ்தோக்கியிக் என்னும் பழங்குடி மக்களின் ஆறு அது. ஒதுங்க இடம் தேடி வந்தவர்களுக்கு அவர்கள் உதவினார்கள். பின்னாளில் அந்த மக்களின் நிலமும் சுருங்கிப் போயிற்று. இந்த உண்மையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

1797ல் பயிர் பொய்த்துப் பஞ்சம் வந்தது. "கறுப்புத் துயரம்" என்று அதை அந்த மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அப்போது மார்கரித் பிளான்ஷ் திபொடோ சீர் என்ற பெண்மணி, ஏறத்தாழ அறுபது வயதில், பனிமேல் நடக்கும் மிதியடியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். இருப்பவரிடம் உணவும் துணியும் திரட்டினார். இல்லாதவரிடம் கொண்டு சேர்த்தார். 1810ல் அவர் மறைந்தார். ஊரார் அவரை "பிளான்ஷ் அத்தை" என்றார்கள். இன்று மடவாஸ்காவில் ஒரு அருங்காட்சியகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த மக்கள் கொண்டாடும் தலைவர் படைத்தலைவரல்ல. பசித்தவனுக்குச் சோறு சுமந்த அத்தை! உழைக்கும் மக்கள் யாரைப் போற்றுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பேனாவால் கிழித்த கோடு

பிரிட்டனும் அமெரிக்காவும் 1783ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தப் பகுதியின் எல்லை தெளிவாக இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் சச்சரவு. நெதர்லாந்து மன்னரை மத்தியஸ்தராக வைத்தார்கள். 1831ல் அவர் சொன்ன தீர்ப்பையும் ஏற்கவில்லை. 1838-39ல் இரு பக்கமும் படை திரட்டினார்கள். எதற்காக? பிரெஞ்சு பேசும் குடியானவனுக்காகவா? இல்லை, இல்லை. அந்தக் காட்டு மரத்துக்காக! நல்லவேளையாக, போர் மூளாமலே முடிந்தது.

1842ல் அமெரிக்காவின் டேனியல் வெப்ஸ்டரும் பிரிட்டனின் ஆஷ்பர்ட்டன் பிரபுவும் வாஷிங்டனில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள். ஆற்றை எல்லையாக்கினார்கள். அதுவரை ஆறு அந்த மக்களுக்கு நடுத்தெருவாக இருந்தது. தென்கரையில் அண்ணன், வடகரையில் தம்பி. மைக்கூட்டில் பேனாவை நனைத்து எடுத்த அந்தப் பொழுதில் அண்ணன் அமெரிக்கனானான்; தம்பி பிரிட்டிஷ் குடியானான். இருவரையும் கேட்டவர் யார்?

ஆனால் தோழர்களே, இதிலும் அந்த மக்கள் அழியவில்லை. கோட்டைத் தாண்டிப் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். 1925ல் நடந்த ஒன்றைக் கேளுங்கள். வடகரையில் எட்மண்ட்ஸ்டன் ஊரில் ஃபிரேசர் கம்பெனியின் மரக்கூழ் ஆலை. காகிதமாக்கி அமெரிக்காவுக்கு அனுப்பினால் சுங்க வரி. கூழாகவே அனுப்பினால் வரி இல்லை. முதலாளி என்ன செய்தான்? தென்கரையில் மடவாஸ்காவில் காகித ஆலையைக் கட்டி, ஆற்றுக்கு மேலே குழாய் போட்டான். கூழ் கனடாவில், காகிதம் அமெரிக்காவில்! முதலாளியின் சரக்குக்கு எல்லை ஒரு குழாயின் நீளம்தான். குழந்தையின் மொழிக்கு மட்டும் அது மதிலாக எழும்பியது.

மூன்றாவது அடி

இரண்டு முறை விரட்டினார்கள், மொழி சாகவில்லை. ஒரு முறை பிளந்தார்கள், மொழி சாகவில்லை. பிறகுதான் பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தார்கள்.

1878ல் மடவாஸ்கா பயிற்சிப் பள்ளி என்ற ஒன்றை மெயின் அரசு தொடங்கியது. பிரெஞ்சு பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுத் தர ஆசிரியர்களை உருவாக்குவது அதன் நோக்கம். நாம் இதைக் குறை சொல்லவில்லை. ஆங்கிலம் கற்க அந்த மக்கள் மறுத்ததும் இல்லை. ஆனால் 1919ல் மெயின் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது. பள்ளிப் பாடங்களை ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்றது. பிரெஞ்சு, அந்நிய மொழிப் பாட வகுப்பில் மட்டும் இருக்கலாமாம்! தான் பிறந்த ஊரில், தன் தாய் தாலாட்டிய மொழி, அந்நிய மொழி!

அது எப்படிப்பட்ட காலம்? முதல் உலகப் போர் முடிந்து, "நூற்றுக்கு நூறு அமெரிக்கன்" என்ற கூச்சல் எழுந்த காலம். தெற்கே நீக்ரோ மக்களை வேட்டையாடிய கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டம், 1920களில் மெயினிலும் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்தது. அங்கே அவர்களுக்கு எதிரி யார்? பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கத் தொழிலாளி!

சட்டம் வகுப்பறைக்குத்தான். அது விளையாட்டு மைதானம் வரை பாய்ந்தது. ஓடி விளையாடும்போது வாய் தவறிப் பிரெஞ்சு வந்துவிட்டால் தண்டனை. "பள்ளியில் நான் பிரெஞ்சு பேசமாட்டேன்" என்று நூறு முறை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தன் தாயின் மொழியைப் பேசமாட்டேன் என்று ஒரு குழந்தையைக் கொண்டே எழுத வைத்தார்கள்! ஆறு வயதுக் குழந்தைக்கு ஆசிரியர் சொல்வது புரியாது. புரியவில்லை என்று சொல்ல வாயும் திறக்கக் கூடாது. அது பின்தங்கியது. பின்தங்கியதும், "பிரெஞ்சுக்காரப் பிள்ளை மந்தம்" என்று முத்திரை குத்தினார்கள். காலைக் கட்டிவிட்டு, ஓடத் தெரியவில்லை என்று கைகொட்டிச் சிரித்தார்கள். படிப்பை விட்ட பிள்ளை எங்கே போவான்? மரம் வெட்டப் போனான், ஆலைக்குப் போனான், உருளைக்கிழங்கு பொறுக்கப் போனான்.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். லாங்ஃபெலோ என்ற பெருங்கவிஞர் மெயின் மாநிலத்தில் பிறந்தவர். 1755ல் பிரிக்கப்பட்ட ஒரு அக்கேடியக் காதலியைப் பற்றி 1847ல் "இவாஞ்சலின்" என்ற நெடுங்கவிதை எழுதினார். அமெரிக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் அது பாடம். கவிதையில் வரும் அக்கேடியப் பெண்ணுக்காகக் கண்ணீர். எதிரே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் அக்கேடியப் பெண்ணுக்குத் தண்டனை! காகிதத்தில் இருப்பவளுக்கு இரக்கம், கண்ணெதிரே இருப்பவளுக்கு அதட்டல். இதுதான் ஆதிக்கக்காரனின் இலக்கிய ரசனை.

தானாகவா விட்டார்கள்?

ஐம்பது ஆண்டுகள்! 1919ல் வந்த சட்டம் 1969ல்தான் நீங்கியது. அதே 1969ல், ஆற்றின் வடகரையில் உள்ள நியூ பிரன்ஸ்விக் மாகாணம், ஆங்கிலத்தோடு பிரெஞ்சையும் ஆட்சி மொழியாக்கிச் சட்டம் செய்தது. தேர்தலில் வென்று அங்கே பிரதமரான முதல் அக்கேடியரான லூயி ரோபிஷோவின் ஆட்சியில் அது நிறைவேறியது. ஒரே ஆறு, ஒரே மக்கள், ஒரே ஆண்டு. வடகரையில் மொழி ஆட்சி பீடம் ஏறியது. தென்கரையில் அப்போதுதான் விலங்கு கழன்றது.

"விலங்குதான் கழன்றுவிட்டதே! இன்னும் ஏன் பழங்கதை?" என்று கேட்போர் உண்டு. விலங்கு கழன்றவுடன் நடக்கக் கால் வந்துவிடுமா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மடவாஸ்கா ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேர் வீட்டில் பிரெஞ்சு பேசினார்கள். மொழி பிழைத்துவிட்டதே என்று மகிழத் தோன்றும். மகிழ்வோம், ஆனால் முழுவதையும் பார்த்துவிட்டு மகிழ்வோம். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியும், எழுதத் தெரியாது. வடகரையிலுள்ள சித்திக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் ஆங்கிலத்தைத் தேட வேண்டும். அடுத்த தலைமுறைக்குக் கேட்டால் புரியும், பேச வராது. அதற்கடுத்த தலைமுறையில் குடும்பப் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

"பெற்றோர்களே தாமாக விட்டுவிட்டார்கள், சட்டத்தை ஏன் குறை கூறுகிறீர்கள்?" என்பது இன்னொரு வாதம். ஆம், விட்டார்கள். ஏன் விட்டார்கள்? தான் பட்ட அவமானத்தைத் தன் பிள்ளையும் படவேண்டாமென்று தொட்டிலருகே ஆங்கிலம் பேசிய தாய்மார்கள் அவர்கள். பள்ளியில் அடிபடாமல் காப்பதற்காக வீட்டில் மொழியை ஒளித்தார்கள். இதற்குத் "தானாக விட்டது" என்று பெயரா? மார்பில் கத்தியை வைத்துப் பணப்பையை வாங்கியவன், "அவராகக் கொடுத்தார்" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

"ஆங்கிலம் இல்லாமல் வேலை கிடைக்குமா?" என்றும் கேட்பார்கள். கிடைக்காது, கற்றுக் கொள்ளட்டும். ஆங்கிலத்தைச் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே! ஒன்றைக் கொடுப்பதற்கு மற்றொன்றைப் பறிப்பானேன்? ஆங்கிலம் படித்த பிறகாவது ஆலைத் தொழிலாளிக்கு முதலாளி அள்ளிக் கொடுத்தானா? 1971ல் மடவாஸ்கா ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டியிருந்தது. மாநிலப் போலீஸ் வந்து எதிரே நின்றது. எந்த மொழியில் கேட்டாலும் கூலி உயர்வு கேட்பவனுக்கு முதலாளியின் பதில் ஒன்றுதான் என்பதை அவர்கள் கண்டார்கள்.

மிஞ்சியது எது? செய்ய வேண்டியது எது?

அந்த மக்கள் மாண்டு போய்விடவில்லை. ஏழைகளின் தானியமான பக்வீட் மாவைக் கரைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து, மேலே கண் கண்ணாகத் துளை விழ அவர்கள் சுடும் "ப்ளாய்" இன்றும் அங்கே வீட்டு உணவு. இலையுதிர் காலத்தில் பள்ளிகளை மூன்று வாரம் அடைத்துவிட்டுப் பிள்ளைகள் உருளைக்கிழங்கு பொறுக்கப் போன வழக்கம் அந்தக் கவுண்டியில் நெடுங்காலம் இருந்தது. கூடை கூடையாகப் பொறுக்கி, பீப்பாயை நிரப்பி, தன் எண் எழுதிய சீட்டை அதன்மேல் வைப்பார்கள். சீட்டுக்குத் தக்க கூலி. உழைப்பு அவர்களுக்குப் பாட்டன் சொத்து!

1970 முதல் ஆற்றோரப் பள்ளிகளில் இருமொழிக் கல்வித் திட்டம் வந்தது. 2014ல் உலக அக்கேடியர் மாநாட்டை ஆற்றின் இரு கரைகளும் சேர்ந்து நடத்தின. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை அடைக்கப்பட்டபோது, கண்ணுக்குத் தெரியும் தூரத்திலிருந்த அண்ணனும் தம்பியும் ஓராண்டுக்கு மேல் தடையின்றிச் சந்திக்க முடியாமல் தவித்தார்கள். 1842ல் கிழித்த கோடு இன்னும் அறுக்கிறது! 2024ல் மடவாஸ்காவுக்கும் எட்மண்ட்ஸ்டனுக்கும் இடையே புதுப்பாலம் திறக்கப்பட்டது. பாலம் கட்டத் தெரிந்தவர்கள், பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே அறுந்த பேச்சுக்கும் பாலம் கட்ட வேண்டும்.

1755ன் கொடுமையை 2003ல் பிரிட்டிஷ் மகாராணியின் பெயரால் வந்த பிரகடனம் ஒப்புக்கொண்டது. ஜூலை 28 நினைவு நாளாயிற்று. ஒப்புக்கொள்ள 248 ஆண்டுகள்! அதிலும் நஷ்ட ஈடு என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனாலும், லூசியானாவிலிருந்து ஒரு வழக்கறிஞர் 1990ல் மனுப்போட்டு விடாமல் கேட்டதால்தான் அதுவும் வந்தது. கேட்டவனுக்குத்தான் கிடைக்கும் என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

ஒரு சட்டத்தை நீக்க ஒரு நாள் போதும். அது செய்த சேதத்தைச் சரிக்கட்ட அது இருந்த அத்தனை ஆண்டும் வேண்டும். ஐம்பது ஆண்டுகள் பொதுப் பணத்தைச் செலவிட்டுப் பிரெஞ்சை மறக்கடித்த மெயின் மாநிலத்துக்கு, இன்னொரு ஐம்பது ஆண்டுகள் பொதுப் பணத்தைச் செலவிட்டு அதை எழுதவும் படிக்கவும் கற்றுத் தரும் கடமை இருக்கிறது. அது சலுகை அல்ல, கடன். கடன் பட்டவன் கொடுக்க வேண்டும். உரியவர்கள் கேட்க வேண்டும். நூறு முறை "பேசமாட்டேன்" என்று எழுதிய கைகள் இன்று முதுமையில் நடுங்குகின்றன. அந்தக் கைகள் ஓய்வதற்குள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பாட்டன் மொழியில் ஒரு கடிதமாவது எழுதட்டும்!